காமன் கூத்துக்குப் போறோம்: தலவாக்கலையில இருந்து பண்டாரவளை வரைக்கும்

வெள்ளி ராத்திரி, தலவாக்கலை

நாளைக்கு அப்பாவோட தோட்டத்துல காமன் எரிக்கிறாங்க, அதுக்குத்தான் காலங்காத்தால கொழும்பு கோட்டையில ட்ரெயின் ஏறி இப்ப தலவாக்கலையில ஒரு சொந்தக்காரங்க வீட்டுல போர்வைக்குள்ள இருந்து இதை டைப் பண்றேன். தோட்டத்துப் பேரைக் கேக்காதீங்க, போடமாட்டேன், ஏன்னு போகப்போக உங்களுக்கே விளங்கும்.

ரிசர்வேஷன் கிடைக்கல. மூணாங்கிளாஸ்ல நாவலப்பிட்டி வரைக்கும் நின்னுகிட்டுதான் வந்தோம், எல்லங்கிற ஊருக்குப் போற வெள்ளைக்காரங்க கதவுல தொங்கி செல்ஃபி எடுக்கிறாங்க, நம்மாளுங்க அரிசி மூட்டைக்கு நடுவுல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. வட்டவளை தாண்டினதும் குளிர் புடிச்சிருச்சு. வழியில சொல்ல வேற ஒண்ணும் இல்ல, மத்த எல்லா பயணக் கட்டுரையிலயும் அந்த ஜன்னல் காட்சி இருக்கு, அங்க பாத்துக்குங்க.

காமன் கூத்து தெரியாதவங்களுக்கு: தவத்துல இருக்கிற சிவன் மேல மதன் கரும்பு வில்லு எடுத்து பூ அம்பு விடுவாரு, சிவன் நெத்திக்கண்ண தொறந்து எரிச்சிருவாரு, ரதி அழுவா, அப்புறம் எழுப்புவாங்க. இதுதான் கதை, ஆனா தோட்டத்துல இது வெறும் நாடகம் இல்ல, கம்பம் நட்டு காப்பு கட்டி நாள்கணக்கா விரதம் இருந்து ஆடுறது. ஒரு வருஷம் ஒரு வேஷம் கட்டிட்டா அந்தப் பேரு சாகுற வரைக்கும் ஒட்டிக்கும். எங்கப்பாவ இன்னைக்கும் தோட்டத்துல ரதின்னுதான் கூப்பிடுறாங்க, அறுவது வயசு தாண்டியாச்சு, மீசை நரைச்சுப் போச்சு, கீழ்லயத்துப் பொடிப்பசங்க கூட 'ரதி தாத்தா'ன்னு சொல்லுதுங்க.

அந்த 1977 மாசியில ஆடின செட்டுதான் அப்பாவோட கூட்டாளிங்க. அப்பா ரதி, அவரோட உயிர்க்கூட்டாளி மதன், தப்பு மேளம் அடிக்கிற கையோட வேஷமும் கட்டின எமன். அப்புறம் ரோட்டோரக் கடை முதலாளியோட மகன், சிங்களப் பையன், இவங்க எல்லாரையும் விட சின்னவரு, கடை பெட்ரோமாக்ஸ தூக்கிட்டு வந்து விடிய விடிய புடிச்சுக்கிட்டு நிப்பாராம், தமிழ் நம்மள விட நல்லா பேசுவாராம். அந்த வருஷம் ஜூலையில எலெக்‌ஷன், ஆகஸ்ட்ல கலவரம். அதோட அந்த செட்டு முழுசா ஒரு எடத்துல நின்னதே இல்ல.

மலையகத்துல யுத்தம் நடக்கலன்னு ஒரு பேச்சு இருக்கு, கொழும்புல என் கூட வேலை செய்றவங்களே சொல்வாங்க, உங்க பக்கம் ஒண்ணும் இல்லதானே, தேயிலையும் குளிரும்தானேன்னு. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

சனி ராத்திரி, விடியப்போகுது, தோட்டம்

தூக்கமே இல்ல. பொகை நாத்தம் தலைமயிர் வரைக்கும் ஏறியிருக்கு, ஆனா எழுதாம படுத்தா காலையில மறந்துரும்.

உண்மையில பௌர்ணமிக்குத்தான் எரிக்கணும், இப்ப எல்லாரும் கொழும்புலயும் வெளிநாட்டுலயும் இருக்கிறதால லீவு பாத்து சனிக்கிழமைன்னு வச்சிட்டாங்க, சாமிக்கும் ரோஸ்டர்தான். மதன் வேஷம் கட்டின தம்பி வெள்ளவத்தையில ஒரு ஜூஸ் கடையில வேலை, ரெண்டு நாள் லீவுல வந்திருக்கான். ரதிக்கு ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளை, பொம்பளப்பிள்ளைய ரதி கட்ட விட்டதுக்கு பெரிசுங்க கொஞ்சம் முணுமுணுத்தாங்க, அப்பா மட்டும் "என்னைய விட நல்லாத்தான் ஆடுது"ன்னு சொல்லிட்டு போய் அந்தப் பிள்ளைக்கு கைய எப்பிடி நெஞ்சுல வைக்கணும்னு காட்டிக் குடுத்துகிட்டு நின்னாரு.

நாங்க தங்கினது எமன் மாமா வீட்டுல, பழைய லயம் (தொழிலாளிகளுக்கு வரிசையா கட்டின வீடு), முன்னால ஒரு ரூம் இழுத்துக் கட்டியிருக்காரு. பகல்ல சாயத்தண்ணி குடிச்சுகிட்டு இருக்கும்போது மாமா ஒரு பழைய பிஸ்கட் டின்ன எடுத்தாரு. உள்ள ஒரு இந்தியன் பாஸ்போர்ட். குடும்ப பாஸ்போர்ட்டு, அப்பா அம்மா பிள்ளைங்க எல்லாரும் ஒரே போட்டோவுல, கடைசியில நிக்கிற ஒல்லிக்குச்சிப் பையன்தான் எமன் மாமா, கண்ண முழிச்சுகிட்டு, பட்டன் ஒண்ணு கழண்டு தொங்குது. அட்டை ஓரமெல்லாம் கரையான் அரிச்சு வெள்ளையா மாவு மாதிரி கொட்டுது, மாமா மேசையில விழுந்த தூளக்கூட விரலால ஒதுக்கி திரும்ப டின்னுக்குள்ள போட்டாரு.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தெரியும்தானே, பிரஜாவுரிமை இல்லாத நம்ம சனத்துல 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை குடுக்கும்னு ஆளுங்கள கொழுந்து நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பிரிச்சது. மாமா குடும்பம் இந்தியா பக்கம் விழுந்துருச்சு. பெரிய அண்ணன் மொதல்லயே போயி கோத்தகிரி பக்கம் டேன்டீ, அதாவது தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத்துல வேலை. இவங்களும் கோழி, பானை, கட்டில் எல்லாம் வித்து பெட்டி கட்டி வச்சிருக்காங்க, தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறணும். 1984ல கப்பல் நின்னுபோச்சு. யுத்தம். அவ்வளவுதான், பெட்டிய அவுத்து திரும்ப தோட்டத்து வேலைக்கு, பெரட்டுக்குப் போனாங்க. "நான் இந்தியாக்காரன்னு சொல்லி வோட்டு இல்ல, கப்பல் இல்லன்னு சொல்லி இந்தியாவும் இல்ல, கவ்வாத்துக்கத்தி மட்டும் இருந்துச்சு பாப்பா"ன்னு சிரிக்கிறாரு. 2003ல வந்த சட்டத்துக்கு அப்புறம்தான் அவரு இந்த நாட்டுப் பிரஜை. அண்ணன் கோத்தகிரியில செத்தப்போ தந்திதான் வந்துச்சாம்.

ராத்திரி காமன் பொட்டல்ல நல்ல கூட்டம். தப்ப காய்ச்ச வைக்கோல் நெருப்பு, கம்பத்துக்கு வைக்கோல் பிரி சுத்தி வரட்டி கட்டி, எல்லாம் அப்பா சொன்ன மாதிரியே. லைட்டு மட்டும் எல்ஈடி. எரிச்சதுக்கு அப்புறம் ரதி புலம்பல் வரும்போது கூத்து வாத்தியார் மைக்க கொண்டு வந்து அப்பா கையில குடுத்துட்டாரு. எனக்கு ஒரே பதட்டம், அப்பா வீட்டுல பாட்டுன்னு வாயே தொறந்ததில்ல. பாடினாரு. குரல் ரெண்டு எடத்துல உடைஞ்சுச்சு, ஸ்ருதி எங்கயோ போச்சு, ஆனா வயசான பொம்பளைங்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு அந்த மதன் யாருன்னு தெரியும்.

முடிச்சிட்டு வந்து உக்காந்ததும் எமன் மாமா சொன்னது: "கடுதாசிய எரிச்சவன் இப்ப என்னடா அழுவுற."

அப்பா ஒண்ணும் பேசல. நான்தான் மாமாவ தனியா புடிச்சு கேட்டேன். 1977 கலவரத்துல மதன் குடும்பம் இருந்த லயத்துக்கு நெருப்பு வச்சு, அவங்க வவுனியாவுக்குப் போயி, அங்கயிருந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி குடியேறினாங்க, அந்த வருஷம் நம்ம சனம் ஆயிரக்கணக்குல அப்பிடி வன்னிக்குப் போச்சு. அங்கயிருந்து மதன் கடுதாசி போடுவாராம், கவர்ல அப்பா பேரு, உள்ள 'ரதிக்கும் எமனுக்கும்'னு. அப்பா கொழும்புல புறக்கோட்டையில துணிக்கடையில வேலை, தங்கினது கொட்டாஞ்சேனையில, அங்கதான் எல்லா கடுதாசியும் இருந்துச்சு. 1996 ஜனவரி 31 மத்திய வங்கியில குண்டு வெடிச்சுதே, அந்த வாரம் வீடு வீடா சுத்திவளைப்பு. கிளிநொச்சி அட்ரஸ் போட்ட கடுதாசி ஒரு தமிழன் பெட்டியில இருந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. அப்பா குசினி அடுப்புல ஒண்ணொண்ணா போட்டு எரிச்சிட்டாரு. எமன் மாமா அதை இன்னும் மன்னிக்கல. நான் அப்பா பக்கம்தான், சொல்லிட்டேன், மாமா அன்னைக்கு கொட்டாஞ்சேனையில இல்ல.

ஞாயிறு, ரோட்டோரம்

மத்தியானம் டவுனுக்குப் போக பஸ்ஸுக்கு நின்னோம். தோட்டத்து ரோட்டு மெயின் ரோட்டுல சேர்ற எடத்துல ஒரு பஸ் ஹோல்ட். நான் சின்னதுல இருந்து அங்க பஸ் ஏறியிருக்கேன், மேல எழுதியிருக்கிறத வாசிச்சதே இல்ல. செத்துப்போன ஆமிக்காரங்க ஞாபகமா வீட்டுக்காரங்க கட்டிக் குடுக்கிற ஹோல்ட்டு அது, நாடு முழுக்க இருக்கு, நீங்களும் பாத்திருப்பீங்க. சிமெந்து பெஞ்சு, செவப்புச் சாயம் பூசின தரை, செவுத்துல கண்ணாடிக்குள்ள ஒரு போட்டோ. போட்டோ வெயிலுக்கு வெளுத்து முகம் நீலமா ஆகி, தொப்பியும் மீசையும் மட்டும்தான் தெளிவா தெரியுது. கீழ சிங்களத்துல பேரு, ரெஜிமென்ட், 1996.07.18, முல்லைத்தீவு. அது மேல பாதிக்கு டியூஷன் நோட்டீஸ் ஒண்ண ஒட்டி வச்சிருக்கானுங்க, 'கணிதம் தரம் 10–11'. பெஞ்சுல நம்ம தோட்டத்து அம்மா ரெண்டு பேரு மாவு பேக் வச்சுகிட்டு வெத்தல போட்டுகிட்டு இருக்காங்க.

அப்பா போய் நகத்தால அந்த நோட்டீஸ சுரண்ட ஆரம்பிச்சாரு. பசை காஞ்சுபோச்சு, வரல. தண்ணி போத்தல ஊத்தி ஊறவச்சு சுரண்டுறாரு, பஸ் வந்து போயிருச்சு, நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல.

பெட்ரோமாக்ஸ் புடிச்சவரு இவருதான்.

கடையில வியாபாரம் படுத்ததும் ஆமியில சேர்ந்திருக்காரு, இந்தப் பக்கத்து சிங்களக் கிராமத்துப் பையங்களுக்கு அப்ப அதை விட்டா நிரந்தரச் சம்பளத்துக்கு வேற வழி கம்மி. ஒரு தடவ லீவுல யூனிஃபோர்மோட வந்து கடை வாசல்ல நின்னு "ரதி அண்ணே"ன்னு கூப்பிட்டிருக்காரு, அப்பாவும் தோட்டத்துக்கு வந்திருந்த நேரம், காது கேக்காத மாதிரி நடந்து போயிட்டாராம். அதுக்கு முந்தின வாரம்தான் கொழும்புல ஒரு ராத்திரி முழுக்க பொலிஸ்ல உக்கார வச்சிருக்காங்க. முல்லைத்தீவு முகாம் விழுந்தப்போ ஆயிரத்துக்கும் மேல ஆமிக்காரங்க செத்துப்போனாங்க, இவரோட ஒடம்பு வரல. ஹோல்ட்டுதான் வந்துச்சு.

கடை இன்னும் இருக்கு, தம்பிதான் நடத்துறாரு, இப்ப மொபைல் ரீலோடும் உண்டு. அப்பாவப் பாத்ததும் கல்லாவ விட்டு எறங்கி வந்துட்டாரு. பிளேன்டீ, சீனி தனியா கையில, வேணாம்னாலும் விடல. அவங்க அம்மா ரொம்ப வருஷம் மகன் எங்கயோ ஜெயில்ல இருக்கான்னு நேர்த்திக்கடன் வச்சுகிட்டே இருந்தாங்களாம், நம்ம மாரியம்மன் கோயிலுக்கும் காசு அனுப்பியிருக்காங்க, இது அப்பாவுக்கே இன்னைக்குத்தான் தெரியும். கடைசியில அவரு கேட்டாரு, "மதன் அண்ணன் எங்க இருக்காரு?" அப்பா "தெரியல மல்லி"ன்னாரு, மல்லின்னா சிங்களத்துல தம்பி. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தேயிலை வெலையப் பத்தி பேசினாங்க.

ராத்திரி அப்பா அவராவே ஒண்ணு சொன்னாரு, அத எழுதலாமான்னு கேட்டேன், எழுதுன்னாரு. கொழும்புல அப்ப எத்தனை செக்பொயின்ட், ஒவ்வொண்ணுலயும் ஐடென்டி கார்ட்ட நீட்டும்போது அவரு சொல்ற வசனம் ஒண்ணுதான்: நான் தோட்டத்து ஆளு சேர், தலவாக்கலை, யாழ்ப்பாணம் வன்னியெல்லாம் எனக்கு யாரையும் தெரியாது. பாதி தடவ விட்டுருவாங்களாம். "தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி நெசமாவே அவன் முகம் கொஞ்சம் மறந்து போச்சு மக."

திங்கள், பண்டாரவளை

காலையில தலவாக்கலையில ஏறினோம், இந்த தடவ சீட்டு கிடைச்சுது. பட்டிப்பொலை, கிட்டத்தட்ட 1,900 மீட்டர், நாட்டுலயே உயரமான ஸ்டேஷன், மூடுபனியில போர்டே சரியா தெரியல. தியத்தலாவையில முடிய ஒட்ட வெட்டின பசங்க கொஞ்சப் பேரு ஏறினாங்க, பச்சை பேக், ட்ரெயினிங்ல இருக்கிறவங்க, பத்தொன்பது இருவது வயசுதான் இருக்கும், ஒருத்தன் அம்மாவோட போன்ல பேசிகிட்டு அழாம இருக்க ரொம்ப கஷ்டப்பட்டான். இந்த ஊரு யுத்தத்தோட பொழைக்கிறது இன்னைக்கு நேத்து இல்ல, 1900ல தென்னாபிரிக்காவுல வெள்ளைக்காரன் புடிச்ச போவர் யுத்தக் கைதிகள கப்பல்ல கொண்டு வந்து வச்ச முகாம் இங்கதான், அது அப்பிடியே ஆமி டவுனா ஆகிருச்சு.

நாங்க போனது மதனோட தங்கச்சி வீட்டுக்கு. யுத்தம் முடியும்போது வன்னிச் சனத்த அடைச்சு வச்ச செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்ல இருந்து 2010ல விட்டதும் வன்னியில காணி உறுதி இல்லன்னு திரும்ப மலைக்கே வந்துட்டாங்க, இப்ப மக வீட்டோட பண்டாரவளைப் பக்கம். அத்தை ரொட்டியும் கட்ட சம்பலும் போட்டு வச்சிட்டு வாசல்லயே நிக்கிறாங்க. அப்பாவப் பாத்து மொதல் வார்த்தை "ரதி அண்ணே, என்னா இப்பிடி கெழவனாயிட்டீங்க."

அத்தை பேசினதெல்லாம் எழுத முடியாது, கொஞ்சம் மட்டும். மொதல்ல காந்தீயம்னு அகதிகளுக்கு ஒதவின ஒரு சங்கத்துக்காரங்க வெத நெல்லும் மம்பட்டியும் குடுத்து ஒதவினாங்களாம். காடு வெட்டி கிணறு தோண்டி வயலாக்கினது நம்ம சனம். ஆனா பக்கத்து ஊர்க்காரங்களுக்கு இவங்க தோட்டக்காட்டான்தான், கோயில்லயும் ஸ்கூல்லயும் தள்ளித்தான். இங்க கள்ளத்தோணி, அங்க தோட்டக்காட்டான், ஆமி கண்ணுக்கு புலி. ஆளு ஒண்ணு, பட்டம் மூணு.

அங்கயும் மாசியில காமன் நட்டிருக்காங்க! மதன் மாமாதான் வாத்தியாரு. "அண்ணனுக்கு எந்த ரதியும் சரிவராது, ஒவ்வொரு வருஷமும் சண்டை, கைய அப்பிடி வைக்கக் கூடாதுடான்னு"ன்னு அத்தை சொல்லவும் அப்பா மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிகிட்டாரு. மதன் மாமா புலிகள் இயக்கத்துக்குப் போகல. ஆனா கடைசிக் காலத்துல வீட்டுக்கு ஒருத்தர்னு வந்தப்போ மூத்த மகனை எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் அவரு கூத்து வைக்கல. 2009 பிறந்ததும் கிளிநொச்சி போச்சு, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன்னு தறப்பாளத் தூக்கிகிட்டு ஓட்டம். மாத்தளன்ல கஞ்சி குடுக்கிறாங்கன்னு வாளிய எடுத்துட்டுப் போனவரு திரும்பி வரல. அந்தப் பக்கம் ஷெல் விழுந்துச்சு, அவரு அங்கதான் இருந்தாரான்னு பாத்தவங்க இல்ல. மகனைப் பத்தியும் தகவல் இல்ல.

வரும்போது த்ரீவீல் பிந்துனுவெவப் பக்கமா வந்துச்சு. 2000 அக்டோபர் 25 காலையில புனர்வாழ்வு முகாமுக்குள்ள கும்பல் பூந்து இருவதுக்கும் மேல தமிழ்ப் பசங்கள வெட்டியும் எரிச்சும் கொன்ன எடம், பொலிஸ் காவல் இருக்கும்போதே. அதுல ஸ்கூல் வயசுப் பசங்களும் இருந்தாங்க. 2003ல சிலருக்கு மரண தண்டனை குடுத்தாங்க, 2005ல சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணிருச்சு. கொலை நடந்த அந்த வாரம் மலையகத்து டவுன்ல எல்லாம் ஆர்ப்பாட்டம், ஊரடங்கு. யுத்தம் நடக்காத பக்கம்னு சொல்றவங்கள ஒருநாள் இந்த த்ரீவீல்ல ஏத்தணும்.

செவ்வாய், பண்டாரவளை ஸ்டேஷன்

ட்ரெயின் லேட்டு, வழக்கம் போல. அதனால இத பிளாட்ஃபாரத்துலயே எழுதுறேன்.

காலையில அத்தை ஒரு ஃபைல எடுத்துட்டு வந்தாங்க. காணாமப் போனவங்களுக்குன்னு ஒரு சான்றிதழ் குடுக்கிறாங்க, செத்துட்டாருன்னு எழுத மனசு வராதவங்களுக்கு அது ஒரு வழி, அத்தைக்கு மரணச் சான்றிதழ் வேணாம், இது வேணும். ஆனா அதுக்கு மதன் மாமாவோட பொறப்பு அத்தாட்சி கேக்கிறாங்க. 1977லயே வீட்டோட எரிஞ்சு போச்சு. திரும்ப எடுக்கலாம்னா நம்பரும் இல்ல, தேதியும் இல்ல, தோட்டத்துல பொறந்தவங்க பேரை அந்தக் காலத்துல பதிவு பண்ணினவங்க காதுல விழுந்தபடி எழுதி வச்சிருப்பாங்க, என் அப்பாவோடதுலயே ஆண் பேருக்குப் பக்கத்துல பெண்ணுன்னு இருக்கு. அத்தைக்கு அண்ணன் தன்னைய விட எத்தனை வயசு மூப்புன்னு கூட சரியா தெரியல.

இப்ப இங்க பெஞ்சுல எமன் மாமா ஸ்பீக்கர்ல. அப்பா 1958ங்கிறாரு, மாமா 59ங்கிறாரு. பெரிய தொரை மாறின வருஷம்டா, இல்லடா அது அதுக்கு அடுத்த வருஷம், உனக்கு ஒண்ணாங்கிளாஸ்ல ரெண்டு தடவ இருந்ததால குழப்பம், யாருடா ரெண்டு தடவ இருந்தது, இப்பிடி ஓடுது, பக்கத்துல இருக்கிற வெள்ளைக்காரப் பொண்ணு பயந்து பேக்க எடுத்துகிட்டு தள்ளி உக்காந்துருச்சு.

"அந்தக் கடுதாசியெல்லாம் இருந்திருந்தா அதுலயாவது எங்கயாவது எழுதியிருப்பான்டா"ன்னு மாமா திரும்ப ஆரம்பிச்சாரு.

"ஆமா எரிச்சேன். இப்ப என்ன செய்யச் சொல்ற. புதன்கிழமை நுவரெலியா கச்சேரி ஆபீஸுக்கு நீ வாரியா இல்லையா?"

"ரெண்டு வருஷத்தையும் தேடச் சொல்லணும், அதுக்கு காசு கூட."

"காசு நான் போடுறேன். வாரியா?"

"வாரேன். காலையில மொத பஸ்ல வாரேன், நீ நானுஓயாவுலயே எறங்கிரு, கொழும்புக்கு போயிட்டு வர்றேன்னு ஓடிறாத."

அப்ப நானும் லீவு சொல்லணும்.